ஷம்சியாவின் ஊஞ்சல் கணக்கு

மலாய் நாட்டில், குருணுக்குப் போகும் பெரிய ரோட்டிலிருந்து கிளை பிரிந்து நாலு மைல் உள்ளே போனால் சிம்பாங் கெலுவாங். ஒற்றைக் கடைத்தெரு, அதன் நடுவில் யஹ்யாவின் ரேடியோக் கடை. சுற்றியிருந்த தோட்டங்களில் ரேடியோப் பெட்டி வாய் மூடிக்கொண்டால் அதைத் துணியில் கட்டிச் சைக்கிளில் வைத்து இங்கேதான் கொண்டுவருவார்கள். பெட்டியைத் திறந்து பழுது பார்ப்பது யஹ்யா. கம்பிச் சுருள் சுற்றுவதும், ஈயப்பற்று வைப்பதும், சரியான பெட்டியை ஒரு மணி நேரம் பாடவிட்டுச் சோதிப்பதும் அவன் மனைவி ஷம்சியா. பிள்ளைகள் இல்லாத வீடு. அடுப்படியைவிட அவள் அதிகம் உட்கார்ந்திருந்தது அந்தச் சோதனை மேசை முன்னால்தான்.

காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசர காலம் தொடங்கி நாலாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி. ரோட்டுக்கு ரோடு சோதனைச் சாவடி. அரிசிக்கு அளவு, டார்ச் பாட்டரிக்குக்கூடக் கேள்வி. காட்டுக்குள் இருப்பவர்களுக்கு என்ன போகிறது, யார் வழியாகப் போகிறது என்று போலீஸ் துருவிக்கொண்டே இருந்த காலம்.

அப்போதுதான் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி அப்பளசாமி ஒரே பெட்டியை மூன்றாவது முறையாகத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன தம்பி ரிப்பேரு இது? மத்தியானம் ஆனா பாட்டு மேல ஏறுது, கீழ எறங்குது. ரெண்டு நிமிசம் நல்லா கேக்குது, அப்பறம் கெணத்துக்குள்ள போயிருது லா!"

யஹ்யா வால்வுகளை மாற்றினான். ஒன்றும் மாறவில்லை. அன்று பிற்பகல் ஷம்சியா அந்தப் பெட்டியில் இலங்கை நிலையத்தை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு இறங்கத் தொடங்கியதும், என்ன தோன்றியதோ, பக்கத்தில் இருந்த வேறொரு பெட்டியையும் அதே நிலையத்துக்குத் திருப்பினாள். அதிலும் பாட்டு இறங்கியது. மூன்றாவதாக, மின்சாரமே வேண்டாத பாட்டரிப் பெட்டி ஒன்றைத் திருகினாள். மூன்றும் சேர்ந்து இறங்கின. மூன்றும் சேர்ந்து ஏறின.

"மச்சான், பெட்டிய மூடி வைங்க" என்றாள். "நோவு பெட்டியில இல்ல. பாட்டு வர்ற வழியில இருக்கு."

அந்த வழி எது என்று அவளுக்குத் தெரியும். இலங்கையிலிருந்து வரும் சிற்றலை தரையோடு ஊர்ந்து வருவதில்லை. மேகத்துக்கும் மேலே, மனிதன் கண்ணுக்கு எட்டாத நூறு நூற்றைம்பது மைல் உயரத்தில், வெயில் பட்டு மின்சாரம் ஏறிய காற்று ஒரு பாய் போல விரிந்திருக்கிறது. அலை அங்கே மோதித் திரும்பிக் கீழே வருகிறது. இதை யஹ்யா தன் தொழில் புத்தகத்தில் படித்து எப்போதோ அவளுக்குச் சொல்லியிருந்தான். அவன் அதைச் சொல்லிவிட்டு மறந்துபோனான். அவள் மறக்கவில்லை. அப்படியானால் ஆடுவது அந்தப் பாய்தான். அதை ஆட்டுவது யார்?

மறுநாளே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டாள். பாட்டு ஏறி இறங்கினால் தேதியையும் மணியையும் எண்ணில் போட்டு 'ஊஞ்சல்' என்று எழுதுவாள். பிறகு வாசலுக்குப் போய் ஜெராய் மலையைப் பார்த்து வானம் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதுவாள். அவளுக்குப் பள்ளிக்கூடத் தமிழ் எழுத்து வராது. உம்மா வீட்டில் படித்தது அரபு எழுத்து. பேசுவது தமிழ், எழுதுவது அரபு எழுத்து என்று அவள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் கடிதம் எழுதியது அப்படித்தான். நோட்டுப் புத்தகத்தையும் அப்படியே எழுதினாள்.

எட்டு மாதத்தில் ஒன்று தெளிவானது. சாதாரண மழைக்கு ஊஞ்சல் இல்லை. மின்னல் வெட்டும்போது பெட்டியில் படபடவென்று பொரியும். அது வேறு விஷயம். ஆனால் மலைக்கு மேல் மேகம் விறுவிறுவென்று தூண் மாதிரி எழும்பி, இதற்கு மேல் போக வழியில்லாதது போலத் தலை தட்டையாகப் பரந்துவிட்டால், கால் மணி நேரத்துக்குள் ஊஞ்சல் ஆரம்பித்துவிடும். ஒரு பள்ளத்துக்கும் அடுத்த பள்ளத்துக்கும் நாலு நிமிடம்.

மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை பத்தே காலுக்கு, மேசைமேல் இருந்த திருகாணிகள் தாமாக உருண்டன. எதிர்க் காப்பிக்கடையில் விளக்குகள் ஆடின. ஆட்கள் ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். சுமத்ரா பக்கம் எங்கேயோ பூமி குலுங்கியிருக்கிறது என்றார்கள். எல்லோரும் வெளியே நின்று பேசிக்கொண்டிருக்க, ஷம்சியா மட்டும் உள்ளே ஓடிப் பெட்டியைத் திருகினாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பத்து நிமிடம் பாட்டு ஒழுங்காக வந்தது. பிறகு மெதுவாக இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. 'பூமி ஆடிற்று. பத்து நிமிடம் கழித்து வானம் ஆடிற்று' என்று எழுதினாள்.

இனி ஒன்றுதான் தெரிய வேண்டும். கடையில் பாட்டு இறங்கும் அதே நொடியில் தோட்டத்திலும் இறங்குகிறதா? ஜூலையில் யஹ்யா பத்து மைல் தள்ளி ஒரு தோட்டத்துக்குப் பெட்டிகளைப் பழுது பார்க்கக் கிளம்பியபோது நோட்டுப் புத்தகத்தை அவன் பையில் வைத்தாள்.

"அங்க ஊஞ்சல் வந்தா மணிய மட்டும் குறிச்சிட்டு வாங்க மச்சான்."

சோதனைச் சாவடியில் பையைத் திறந்தவர்கள் ஒயர்ச் சுருளைப் பார்த்தார்கள், பாட்டரிகளைப் பார்த்தார்கள், புரியாத எழுத்தில் பக்கம் பக்கமாக மணி குறித்திருந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்கள். யஹ்யா அன்று வீட்டுக்கு வரவில்லை. மாலை போலீஸ் வந்து கடையில் இருந்த பதினாலு பெட்டிகளையும் அள்ளிக்கொண்டு போனது.

மறுநாள் பகல் இரண்டு மணிக்கு ஷம்சியா தலைத்துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தனியாகப் போலீஸ் நிலையத்துக்கு நடந்தாள். ராத்திரி முழுக்க அழுதிருந்தாள். விசாரணையே இல்லாமல் இரண்டு வருஷம் உள்ளே வைக்கலாம்; இல்லை, நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றி ஒரேயடியாக அனுப்பிவிடலாம். அதைவிட, பையில் அதை வைத்த கை தன் கை என்பதுதான் அவளை அறுத்தது.

இன்ஸ்பெக்டர் ஹாஷிம் கெட்ட மனிதர் அல்ல. இரண்டு மாதத்தில் மூன்று முறை, காட்டுக்குள் போன தம் ஆட்களின் குரலை வயர்லெஸ்ஸில் தொலைத்துவிட்டு நாள் முழுக்கத் தவித்தவர். நோட்டுப் புத்தகம் அவர் மேசைமேல் கிடந்தது. அவர் மலாயில் பேசினார்.

"உன் புருஷன் எழுதின மணியும் எங்க வயர்லெஸ் செத்துப்போன மணியும் ஒண்ணா இருக்கு. பதினேழு இடத்துல. மதரசா உஸ்தாத்கிட்ட காட்டினேன். எழுத்து அரபு, ஆனா ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் இல்லன்னு சொல்லிட்டார். உன் புருஷன் தன்னோடதுன்னு மட்டும்தான் சொல்றான். அப்ப இது ரகசிய பாஷைதானே? எந்தக் கருவிய வச்சு எங்க அலைய வெட்டினான்?"

"அது அவர் எழுதினது இல்ல துவான். நான் எழுதினது."

ஹாஷிம் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரையாவது சத்தமா வாசிக்கச் சொல்லுங்க" என்றாள். "எழுத்து தெரிஞ்சவங்க வாசிக்கட்டும். அர்த்தம் வேற ஆளு சொல்வாங்க."

மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவி படிக்கத் தெரிந்த கோப்ரல் ஒஸ்மானை ஹாஷிம் கூப்பிட்டார். அவர் புள்ளிகளில் தடுமாறித் தடுமாறி, தமக்கு ஒன்றும் விளங்காமலே ஒலியை மட்டும் வாசித்தார். "ஊ… ஊஞ்… ஊஞ்சல். மலையில… மேகம்… தட்ட… தட்டத் தலை."

உள்ளே வயர்லெஸ் அறையிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. வயர்லெஸ் போலீஸ்காரர் தர்மலிங்கம் கதவருகே வந்து நின்றார்.

"ஐயோ துவான், இது ரகசியமும் இல்ல ஒண்ணும் இல்ல. சுத்தத் தமிழு! மேகத்தப் பத்தி எழுதியிருக்கு."

"முழுக்க வாசி" என்றார் ஹாஷிம்.

கோப்ரல் வாசிக்க, தர்மலிங்கம் மலாயில் அர்த்தம் சொல்ல, நோட்டுப் புத்தகம் அரை மணி நேரத்தில் திறந்துகொண்டது. மழை, மேகம், வெயில், பாட்டு, மணி. வேறொன்றும் இல்லை. ஆனால் ஹாஷிமின் முகம் இளகவில்லை. மேகத்துக்கும் வயர்லெஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்? மேகம் வெறும் மறைப்பாக இருக்கலாமே?

"துவான், அந்த மே மாசத்து வியாழக்கிழமைய உங்க புத்தகத்துல பாருங்க. பூமி ஆடின நாள்."

தர்மலிங்கம் தம் பதிவேட்டை எடுத்து வந்தார். பக்கத்தைத் திருப்பி வாசித்தார்.

"பத்து இருபத்தாறுக்குக் குரல் போச்சு. இருபத்தெட்டுக்கு வந்துச்சு. மறுபடி போச்சு." அவர் அந்த வரியில் விரலை வைத்தார். "இதுக்குத்தான் துவான் நான் தூங்கிட்டேன்னு சொல்லி என் சட்டைக் கையில இருந்த கோட்டுல ஒண்ணப் புடுங்கினாங்க."

"என் புருஷன் கருவி வச்சு அலைய வெட்டினார்னு வச்சுக்குவோம்" என்றாள் ஷம்சியா. "பூமிய ஆட்டினதும் அவரா?"

அவள் மூலையில் முகம் கழுவ வைத்திருந்த பீங்கான் பேசினைத் தண்ணீரோடு தூக்கி வந்து, ஜன்னல் வழியாக வெயில் விழுந்த இடத்தில் தரையில் வைத்தாள். தண்ணீரில் பட்ட வெயில் பலகைக் கூரையில் வட்டமாக விழுந்து அசையாமல் நின்றது.

"கோப்ரல், காலால தரையத் தட்டுங்க."

தூண்மேல் நின்ற பலகைக் கட்டடம் அது. ஒஸ்மான் பூட்ஸ் காலால் ஓங்கித் தட்டியதும் தண்ணீர் சிலிர்த்தது. கூரையில் இருந்த வெளிச்சம் சிதறி, நீண்டு, சுருங்கி, ஆடத் தொடங்கியது.

"வெயில்தான் உங்க வயர்லெஸ் அலை. தண்ணிதான் மேல இருக்கிற பாய். சூரியன் ஆடல, கூரை ஆடல. நடுவுல இருக்கிறது ஆடுது. அதனால எல்லாமே ஆடுற மாதிரி இருக்கு. பூமி குலுங்கினா மேல இருக்கிற காத்தத் தள்ளும். மேகம் வேகமா எழும்பினாலும் தள்ளும். தள்ளின தள்ளு சத்தம் மாதிரி மேல போகும். இங்க காத்து கனம். மேல போகப் போக லேசு. லேசான இடத்துல சின்னத் தள்ளுக்கும் பெரிய ஆட்டம். அது அங்க போய்ச் சேரத்தான் பத்து நிமிசம்."

"யார் சொன்னது உனக்கு?"

"பாய் இருக்குன்னு புத்தகம் சொன்னதா அவர் சொன்னார். யார் ஆட்டுறதுன்னு எட்டு மாசம் உக்காந்து நான் பாத்தேன்."

ஹாஷிம் எழுந்து போய் ஜன்னலருகே நின்றார். நல்ல விளக்கம்தான். ஆனால் இரண்டு நாளில் இந்தக் கைதியைப் பற்றி மேலிடத்துக்கு எழுத வேண்டும். பேசின் தண்ணீரைப் பற்றி என்ன எழுதுவது?

ஷம்சியாவும் அதே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெராய் மலைக்கு மேல் வெள்ளைத் தூண் ஒன்று அவள் கண் முன்னாலேயே உயர்ந்துகொண்டிருந்தது. அதன் தலை விரியத் தொடங்கியிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று பதினைந்து.

"துவான், என் பெட்டி பதினாலும் உங்ககிட்ட. என் புருஷன் உங்க பூட்டுக்குள்ள. நான் உங்க கண்ணு முன்னால நிக்கிறேன். இன்னும் கால் மணி நேரத்துக்குள்ள உங்க வயர்லெஸ் ஊஞ்சல் ஆடப்போகுது. அப்ப யாரப் புடிப்பீங்க?"

அன்று பதினொரு பேர் கொண்ட ரோந்துப் படை சிக் பக்கத்துக் காட்டில் இருந்தது. மூன்றரைக்கு அவர்கள் அழைக்க வேண்டும். வயர்லெஸ் அறையில் எல்லோரும் நின்றார்கள். தர்மலிங்கம் காதில் கருவியை மாட்டிக்கொண்டார். மூன்று இருபது. மூன்று இருபத்தைந்து. தொலைவில் இருந்த மற்றொரு போலீஸ் வயர்லெஸ் நிலையத்தின் சோதனை ஒலி தெளிவாக வந்துகொண்டிருந்தது. இன்றைக்கென்று பார்த்து வராமல் போனால்?

மூன்று இருபத்தேழுக்கு ஒலி மெல்லச் சரிந்து கிணற்றுக்குள் போனது.

ஒஸ்மான் "அல்லாவே!" என்றார். ஹாஷிம் கடிகாரத்தையே பார்த்தார். மூன்று இருபத்தொன்பதுக்கு ஒலி முழுசாக மேலே வந்தது. மறுபடி சரிந்தது.

அந்த நேரத்தில்தான் முன்னறையில் தொலைபேசி அடித்தது. எடுத்துக் கேட்ட ஹாஷிம் வயர்லெஸ் அறைக்கு ஓடி வந்தார். ரோந்துப் படை போன காட்டுக்கு மேலே இருந்த மலைக்கிராமத்துத் தலைவரான பெங்ஹுலு பேசினாராம். மத்தியானம் முதல் அங்கே கொட்டுகிற மழையில் ஆறு இரண்டு ஆள் உயரம் ஏறி, மரங்களைப் புரட்டிக்கொண்டு கீழே வருகிறதாம். ரோந்துப் படை அந்த ஆற்றைத்தான் நாலு மணிக்குக் கடக்க வேண்டும்.

தர்மலிங்கம் கருவியில் கத்தத் தொடங்கினார். பதிலுக்கு வெறும் இரைச்சல். மறுபடி கத்தினார். போன மூன்று முறையும் இப்படித்தான் நடந்தது; இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பள்ளத்தில் கத்தி, அலுத்து, கருவியை மூட்டை கட்டிவிடுவார்கள்.

"அண்ணே, இப்பக் கத்தாதீங்க" என்றாள் ஷம்சியா. "இது பள்ளம். கடிகாரத்தப் பாருங்க. மூணு முப்பத்து மூணுக்கு ஏறும். ஒரு நிமிசம்தான் மேல நிக்கும். சேதிய நாலே வார்த்தையாச் சுருக்கி வச்சுக்குங்க."

"அவங்க மூடிட்டுப் போயிட்டா?"

"மூடுறதுக்குள்ள ஏறிரும். பொறுங்கண்ணே."

ஹாஷிம் தலையசைத்தார். அறையில் நின்றவர்களுக்கு அந்த இரண்டு நிமிடம் இரண்டு மணி நேரமாக இருந்தது. ஷம்சியா உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தாள். இரைச்சலுக்குள் ஒரு நூல் போல ஒலி தட்டுப்பட்டது. தடித்தது.

"இப்ப!"

"ஆற்றைக் கடக்காதே! வெள்ளம்! நில்!" தர்மலிங்கம் மூன்று முறை சொன்னார். கையை எடுத்தார்.

தூரத்தில், ஆனால் தெளிவாக, ஒரு குரல் வந்தது. "கேட்டது. கடக்கவில்லை. கரையிலேயே மேட்டில் நிற்கிறோம்."

ஒலி மறுபடி சரிந்தது. அதைப் பற்றி இப்போது யாரும் கவலைப்படவில்லை. ஒஸ்மான் தர்மலிங்கத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இளம் போலீஸ்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். யாரோ நாற்காலியை இழுத்துப் போட, ஷம்சியா உட்கார்ந்து தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. மறுநாள் திரும்பி வந்த படை சொன்னது: தாங்கள் கடக்கவிருந்த மரப்பாலம் சரியாக நாலு மணிக்குக் கண் முன்னாலேயே பிய்த்துக்கொண்டு போனதாம்.

அன்று ஐந்து மணிக்கு யஹ்யா வெளியே வந்தான். இரண்டு நாள் தாடி. ஹாஷிம் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உங்க வீட்டுக் கணக்கு என் பதினொரு பேரைக் காப்பாத்திருச்சு. நான் மேலிடத்துக்கு எழுதணும். முழுப் பேரு என்ன?"

யஹ்யா தலையாட்டி மனைவியைக் காட்டினான்.

"என் பேர எழுதாதீங்க துவான். நான் பெட்டியத்தான் திறப்பேன். வானத்தத் திறந்து பாத்தது இவ. ஷம்சியா, மீரா சாகிபு மகள். அப்படி எழுதுங்க."

ஹாஷிம் அந்தப் பெயரை ஜாவியில் எழுதினார். எழுதி முடித்து, எழுத்து சரிதானா என்று அவளிடமே காட்டினார்.

பதினாலு பெட்டிகளும் போலீஸ் லாரியில் ஏறின. முன்பக்கம் யஹ்யாவும் ஷம்சியாவும். கடைத்தெருவில் லாரி நுழைந்தபோது காப்பிக்கடை முழுக்க எழுந்து வெளியே வந்தது. இரண்டு நாளாக அந்தக் கடைப் பக்கம் பார்க்கவே பயந்தவர்கள் பெட்டிக்கு ஒரு ஆளாக இறக்கி வைத்தார்கள். அப்பளசாமி தம் பெட்டியைத் தேடி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, "ஏம்மா, கடைசியில என் பெட்டியில ஒரு கோளாறும் இல்லயா?" என்று கேட்டார். தெருவே சிரித்தது.

அடுத்த மாதம் தர்மலிங்கத்தின் சட்டைக் கையில் பழைய கோடு திரும்பி வந்தது. வயர்லெஸ் அறைச் சுவரில் தமிழிலும் மலாயிலும் ஒரு தாள் ஒட்டினார்: மலைமேல் மேகம் தலை பரந்தால் கால் மணிக்குள் ஊஞ்சல், பள்ளத்தில் கத்தாதே, மேட்டுக்குக் காத்திரு. அதற்குப் பிறகு அந்த நிலையம் யாருடைய குரலையும் தொலைக்கவில்லை.

ஹாஷிமின் கடிதம் எங்கெங்கோ போய்ச் சேர்ந்து, செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பொறியாளர் வந்தார். மேல்வானத்தை ஆராய்வதே அவர் வேலை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சோதனை மேசைக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு நாள் நோட்டுப் புத்தகத்தை வரி வரியாகக் கேட்டு எழுதினார். பூமி ஆடிய நாளின் வரியை மூன்று முறை கேட்டார். புத்தகத்தையே கொண்டுபோகலாமா என்று கேட்டபோது ஷம்சியா முடியாது என்றாள். நகல் எடுத்துக்கொள்ளலாம், அவள் பெயரோடு.

அவர் போன பிறகு அவள் கடை வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினாள். தோட்டத்து ஆட்கள் சந்தைக்குப் போகும் வழியில் நின்று அதைப் படித்துவிட்டுத்தான் போனார்கள். அன்றைக்கு யஹ்யா அவளுக்காகத் தமிழில் எழுதியிருந்தது இது: 'இன்று பிற்பகல் ஊஞ்சல் உண்டு. பாட்டு இறங்கினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரவேண்டாம்.'